போஸ்டரில் ஒரு முதுகு

என் பிழைப்பு முகங்களை வட்டமாக வெட்டுவது. கேட்பவர்களிடம் ‘கிராஃபிக் டிசைனர்’ என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். பல்கலைக்கழகத்தில் அதைத்தான் படித்தேன், சான்றிதழும் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. ஆனால் பினாங்கின் ஜார்ஜ்டவுனில், லெபோ பசார் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் என் அலுவலகத்துக்குப் படியேறி வருகிறவர்களுக்கு எழுத்தின் அழகைப் பற்றியோ வண்ணப் பொருத்தத்தைப் பற்றியோ ஒரு கவலையும் கிடையாது. அவர்களுக்கு வேண்டியது வட்டம். கோயில் திருவிழாவோ, சங்கத்தின் ஆண்டு விருந்தோ, காதுகுத்தோ, பூப்பந்துப் போட்டியோ, எதுவானாலும் முகங்கள் வட்ட வட்டமாக வர வேண்டும், வட்டத்தைச் சுற்றித் தங்கக் கரை ஓட வேண்டும்.

வட்டத்துக்குச் சட்டதிட்டம் உண்டு. வலது மேல் மூலையில் ஒய்.பி. இருப்பார். எங்கள் ஊரில் சட்டமன்ற உறுப்பினரை அப்படித்தான் சொல்வோம். அவர் எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் கைகூப்பியபடிதான் இருப்பார், ஏனென்றால் என்னிடம் இருப்பது அந்த ஒரே படம். அவருக்கு அடுத்த அளவில் டத்தோ பட்டம் வாங்கிய யாராவது ஒருவர். பிறகு தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர் என்று வட்டம் சிறுத்துக்கொண்டே போகும். ஒருமுறை பொருளாளரின் வட்டம் செயலாளருடையதைவிட ஒரு நூல் பெரிதாகிவிட்டது. அதற்காக அவசரக் கூட்டம் கூட்டினார்கள். அந்தச் சங்கம் அதற்கு முன்பு எதற்காகவும் அவசரமாகக் கூடியதாக எனக்கு நினைவில்லை.

பினாங்கில் பொதுவாழ்வில் இருக்கும் தமிழர்களின் முகங்களை என்னைவிட நெருக்கமாகப் பார்த்தவர்கள் அவர்களுக்கு முடிவெட்டுகிறவர்களாகத்தான் இருக்க முடியும். யார் எப்போது மீசைக்கு மை போட ஆரம்பித்தார், யார் கல்யாணத்துக்கு எடுத்த படத்தையே இன்னமும் அனுப்பிக்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒவ்வொருவரையும் பின்னணியிலிருந்து பிரித்தெடுத்து, கணினியில் ஒரே இடத்தில் போட்டு வைத்திருக்கிறேன். அந்த ஃபோல்டருக்கு ‘தலைகள்’ என்று பெயர்.

இப்படி ஒரு சங்கத் தலைவரின் காதோரத்தை வெட்டிக்கொண்டிருந்த மத்தியானத்தில்தான் இயக்குநர் தம்பி படியேறி வந்தான். கோலாலம்பூரில் சினிமா படித்துவிட்டு வந்து, கெலுகோரில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் நண்பர்களோடு வீடு எடுத்துத் தங்கியிருப்பவன். கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், செபராங் ஜெயாவில் பள்ளி வேன் ஓட்டும் ஒரு பெண்மணியைப் பற்றி ஆவணப்படம் எடுத்திருப்பதாகச் சொன்னான். தொடக்கப்பள்ளியின் ஆறு வருடமும் அவர் வேனில், கடைசி இருக்கையில் உட்கார்ந்து தமிழ்ப்பள்ளிக்குப் போனவனாம். படத்தின் பெயர் ‘பின் சீட்டு’.

“படத்துக்கு விஷுவல் ஐடென்டிட்டி வேணும்க்கா,” என்றான்.

போஸ்டர், தலைப்பு எழுத்து, அழைப்பிதழ், டிக்கெட், வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விட ஒரு சின்னப் படம், இத்தனையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஒரே சாடையில் இருக்க வேண்டும். அதற்குத்தான் அந்தப் பெயர். பல்கலைக்கழகத்தை விட்டு வந்த பிறகு அந்தச் சொல்லை ஒரு மனிதர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்காரச் சொன்னேன். வழக்கமாக நான் யாரையும் உட்காரச் சொல்வதில்லை, உட்கார்ந்தால் வட்டத்தைப் பெரிதாக்கச் சொல்வார்கள்.

“ஒரே ஒரு கண்டிஷன்க்கா. போஸ்டர்ல மூஞ்சி வேணாம்.”

“யாரு மூஞ்சி வேணாம்?”

“யாரு மூஞ்சியும் வேணாம். அவங்க முதுகு மட்டும் போதும். வேனுக்குள்ள நாங்க பாத்தது அதைத்தானே.”

அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. கீழே இறங்கிப் போய் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ இரண்டு வாங்கி வந்தேன்.

அவன் விட்டுப்போன காட்சிகளை அன்று சாயங்காலமே பார்த்தேன். கேமரா பெரும்பாலும் கடைசி இருக்கையில்தான் இருந்தது. முன்னால் பிள்ளைகளின் தலைகள், அதற்கு முன்னால் ஓட்டுநர் இருக்கை. அதில் விரித்த பூத்துவாலை, துவாலைக்கு மேல் ஒரு கொண்டை, கொண்டையில் பட்டாம்பூச்சி வடிவத்தில் ஒரு பெரிய சிவப்பு க்ளிப். வேன் திரும்பும்போது க்ளிப்பும் திரும்பியது. சத்தம் அதிகமானால் க்ளிப் ஒருமுறை ஆடும், ஒரு அதட்டல் கேட்கும், வேன் அடங்கும். முகம் வந்த இடங்களும் இருந்தன. ஆனால் அவை படத்தில் இல்லை. வெட்டிப்போட்டதில்தான் இருந்தன.

மஞ்சளைக் கண்டுபிடிக்கவே எனக்கு வெகுநேரம் ஆனது. பள்ளி வேனின் புது மஞ்சள் இல்லை, வெயிலில் நின்று நின்று வெளுத்த மஞ்சள். இருக்கை ரெக்ஸினின் பச்சை. க்ளிப்பின் சிவப்பு. மொத்தம் மூன்றே நிறம். தலைப்பு எழுத்தைக் கையால் வரைந்தேன். வேன் கதவில் தகடு வைத்து மை அடித்த எழுத்துகள் ஆங்காங்கே விட்டுவிட்டு இருக்குமே, அந்தச் சாயலில். போஸ்டரின் அடிப்பகுதியில் துவாலை, கொண்டை, க்ளிப். அதற்கு மேலே முக்கால்வாசித் தாளும் வெறும் மஞ்சள். ஒன்றுமே கிடையாது. அந்தக் காலி இடத்துக்காகத்தான் நான் படித்துவிட்டு வந்து இத்தனை காலம் காத்திருந்தேன் என்று தோன்றியது. கணினித் திரையிலிருந்து தள்ளி நின்று பார்த்தேன், கிட்டப் போய்ப் பார்த்தேன், கீழே துணிக்கடைப் பெண்ணைக் கூப்பிட்டு வந்து காட்டினேன். அவள், “இன்னும் முடியலயாக்கா?” என்று கேட்டாள். கலை எல்லோருக்கும் புரியாது என்று அவளை அனுப்பிவைத்தேன்.

இணையத்தில் தேடிப் பார்த்தபோது உலகத்தில் பாதி ஆவணப்படங்களின் போஸ்டர்களில் யாராவது ஒருவர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலையோ மலையையோ பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, உலகத்தோடு சேர்ந்துவிட்டோம் என்று. அதுவும் ஒருவகை வட்டம்தானே என்று கேட்க அப்போது பக்கத்தில் யாரும் இல்லை.

படத்தில் இருப்பவரின் சம்மதம் வேண்டும் என்பதற்காக அடுத்த வாரம் தம்பி வேன் அக்காவைக் கூட்டி வந்தான். ஐம்பதைத் தாண்டியவர், குள்ளம், குரல் மட்டும் ஆளைவிட உயரம். படியேறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“இந்தப் படிய ஏறுனாத்தான் தெரியுது தங்கச்சி, இத்தன வருஷமா நான் உக்காந்தே இருந்திருக்கேன்னு. பசியாறிட்டீங்களா?”

ஆயிற்று என்று சொல்லிவிட்டுத் திரையைக் காட்டினேன். தம்பி கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். வேன் அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“கலரு நம்ம வேன் கலரேதான். நல்லாருக்கு,” என்றார். “இது பின்பக்கம். முன்பக்கம் எங்க?”

நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“இதான்க்கா முன்பக்கம்,” என்றான் தம்பி. “ஒரே பக்கம்தான்.”

“அப்ப என் மூஞ்சி?”

“மூஞ்சி வராதுக்கா. அதான் ஸ்டைலு.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பையைத் திறந்து ஒரு படத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். படக்கடையில் எடுத்தது. பச்சைப் பட்டு, தலை நிறையப் பூ, உதட்டில் சாயம், பின்னால் திரையில் வரைந்த நீர்வீழ்ச்சி. இதற்கென்றே போய் எடுத்திருக்கிறார் என்பது பார்த்ததுமே தெரிந்தது. நான் வழக்கமாக அப்படிப்பட்ட படத்தைக் கையில் வாங்கியதும் மனசுக்குள் கத்தரிக்கோலை எடுத்துவிடுவேன். அன்று எடுக்கவில்லை. எனக்குத்தான் மூஞ்சி வேண்டாமே.

“போன மாசம் பாசாருக்குப் போனேன்,” என்றார் வேன் அக்கா. “மீன் கடையில ஒருத்தன் நிக்கிறான். ஆறு வருஷம் நான் ஏத்தி எறக்குன பிள்ள. இப்ப மீசையும் தாடியுமா நிக்கிறான். நேரா அவன் மூஞ்சியப் பாத்து சிரிக்கிறேன், யாரோங்கிற மாதிரி ஒதுங்கி வழி விடுறான். சரி போன்னு திரும்பி நடக்குறேன். பின்னாலேருந்து ‘வேன் அக்கா’ன்னு கத்துறான் லா. முதுகப் பாத்து கண்டுபிடிச்சிட்டான். மூஞ்சி தெரியல.”

மேசையில் இருந்த தன் படத்தை நேராக்கி வைத்தார்.

“அதுங்க மேல தப்பில்ல. காலைல இருட்டுல ஏறுங்க, தூங்கி வழிஞ்சிக்கிட்டு. மத்தியானம் ஏறுனா ஒரே சண்ட. யாரு என் மூஞ்சியப் பாக்குறா? இந்தப் படம் வந்தாவது இதான் நம்மள ஏத்திட்டுப் போனவ மூஞ்சின்னு ஒரு தடவ பாப்பாங்கன்னு நெனச்சேன். வேற ஒண்ணும் இல்ல தம்பி.”

தம்பியின் கண் கலங்கிவிட்டது. நல்ல பையன்தான். மனம் மாறிவிட்டான் என்றே நினைத்தேன். அவன் அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, “அக்கா, இதான் என் படத்தோட ஆன்மா. இத கேமரா முன்னாடி இன்னொரு தடவ சொல்வீங்களா?” என்று கேட்டான்.

“எப்பிடிச் சொல்லணும்?”

“வேன்ல உக்காந்துகிட்டு, ரோட்டப் பாத்துகிட்டு. நான் பின்னாலேருந்து எடுத்துக்குறேன்.”

வேன் அக்கா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். கலைக்கும் கருணைக்கும் நடுவே பாலம் போடுவது டிசைனரின் வேலை என்று எங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். உடனே ஒரு பாலம் போட்டேன். வேனுக்குள் இருக்கும் கண்ணாடியில் அவர் கண்கள் மட்டும் தெரிகிற ஒரு காட்சி இருந்தது. அதை எடுத்துக் கொண்டைக்கு மேலே வைத்தேன். முதுகும் உண்டு, முகத்தில் கொஞ்சமும் உண்டு. எனக்கே பிடித்திருந்தது.

வேன் அக்கா ஒரே பார்வையில் தள்ளிவிட்டார். “அது நான் திட்டுற கண்ணு தங்கச்சி. அத அதுங்க தெனமும்தான் பாக்குதுங்க. இத ஒட்டி வெச்சா தெருவுல போறவங்க எல்லாம் சீட் பெல்ட் போட்டுக்குவாங்க.”

கண்ணாடியை எடுத்துவிட்டேன். மறுபடியும் வெறும் மஞ்சள். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“சரி தம்பி. உன் படம். நீ படிச்சவன், உனக்குத் தெரியும். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், எதுக்கு ‘பின் சீட்டு’ன்னு பேரு வெச்ச? நான் ஒரு நாளும் பின்னால உக்காந்ததில்லையே.”

அது பார்வைக் கோணம் சம்பந்தப்பட்டது என்று தம்பி விளக்க ஆரம்பித்தான். பள்ளி விடும் நேரமாகிவிட்டதென்று அவர் இறங்கிப் போய்விட்டார். பச்சைப் பட்டுப் படம் என் மேசையிலேயே கிடந்தது. மறந்துவிட்டாரா, விட்டுவிட்டுப் போனாரா, தெரியவில்லை. விசைப்பலகைக்கு அடியில் எடுத்து வைத்தேன். அன்றைக்கு முழுக்க எதைத் தட்டினாலும் விசைப்பலகை ஆடியது.

படத்தைத் திரையிட, பொருளாளர் வட்டத்துக்காக அவசரக் கூட்டம் போட்ட அதே சங்கம் முன்வந்தது. செபராங் ஜெயாவில் மண்டபம், வந்தவர்களுக்குச் சாப்பாடு, ஒலிபெருக்கி எல்லாம் அவர்கள் ஏற்பாடு. போஸ்டரை அனுப்பிவைத்தேன். மறுநாள் தலைவரிடமிருந்து குரல் செய்தி வந்தது.

“தங்கச்சி, டிசைன் பாத்தேன். ரொம்ப நல்லாருக்கு. ஆனா மேல இவ்ளோ எடம் சும்மா கெடக்கே? ஒய்.பி. வர்றாரு, டத்தோ வர்றாரு. அவங்கள எங்க போட்டிருக்கீங்க?”

நான் அழைத்து, அது காலியாக இருக்க வேண்டிய இடம், காலியாக இருப்பதுதான் அதன் வேலை என்று சொன்னேன். தலைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒரு நோயாளியிடம் பேசுகிற பக்குவத்தோடு, “வேலையிருந்தா மெதுவா செய்ங்கம்மா, அவசரமில்ல,” என்றார்.

தம்பிக்குப் போன் போட்டேன். முகமே கூடாதென்று ஒற்றைக் காலில் நின்றவன் அவன்தானே, போய்ச் சண்டை போடுவான் என்று நம்பினேன். அவன் தொண்டையைச் செருமினான்.

“ஒய்.பி. வந்தாத்தான்க்கா மண்டபம். ஒரே ஒரு வட்டம் போட்டுருவமே.”

“மூஞ்சியே வேணாம்னு சொன்னது நீதானடா?”

“அது போஸ்டருக்குக்கா. இது பேனர்.”

வேன் அக்காவுக்கு விளக்கிய ஆன்மா, பார்வைக் கோணம் எல்லாம் பேனருக்குப் பொருந்தாது என்பது எனக்கு அதுவரை தெரியாது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. என் டிசைனில் ஒரு வட்டமும் வராது என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் வேறொன்று தோன்றி, மறுபடியும் தலைவரை அழைத்தேன்.

“அண்ணே, வட்டம் போட்டுத்தான் ஆகணும்னா, வேன் அக்காவுக்கும் ஒரு வட்டம் போடுவோம். நல்ல படம் எங்கிட்ட இருக்கு. அவங்களுக்கும் ஆசை.”

தலைவர் நியாயஸ்தர். நன்றாக யோசித்துத்தான் பதில் சொன்னார். “அவங்கதான் ஏற்கெனவே போஸ்டர்ல இருக்காங்களேம்மா. ஒருத்தருக்கு ரெண்டு எடம் குடுத்தா மத்தவங்க கேள்வி கேப்பாங்க. பொருளாளர் விஷயந்தான் உங்களுக்குத் தெரியுமே.”

காலி இடத்தோடு இருக்கும் என் போஸ்டரை அப்படியே மறுபடியும் அனுப்பிவிட்டு, இனி யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று நம்பி இருந்துவிட்டேன். ‘தலைகள்’ ஃபோல்டர் முழுவதையும் ஆண்டு விருந்துக்காக அதே சங்கத்துக்கு நானே அனுப்பியிருந்தது அப்போது நினைவுக்கு வரவில்லை.

திரையிடல் ஒரு சனிக்கிழமை மத்தியானம். பாலத்தில் நெரிசல், நான் போய்ச் சேரும்போது வாசலில் பன்னீரும் சந்தனமும் வைத்துவிட்டார்கள். மண்டபத்துக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் பேனர். சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. என் வெளுத்த மஞ்சளில், பலூன் விட்டதுபோல், மேலிருந்து கீழ்வரை வட்டங்கள். ஒய்.பி. கைகூப்பியபடி, டத்தோ, தலைவர், துணைத்தலைவர், செயலவை மொத்தமும், தங்கக் கரையோடு. அத்தனை பேரும் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். அடியில் ஒரு கொண்டை மட்டும் திரும்பியிருந்தது. பார்த்தால், சங்கத்து ஆட்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வேன் அக்கா எங்கேயோ போவது மாதிரி இருந்தது. அத்தனை முகமும் என் கையால் வெட்டியவை. யாரோ ஒரு பேனர் கடைப் பிள்ளை பார்த்துப் பார்த்து அடுக்கியிருக்கிறான், அளவில் ஒரு பிசகு இல்லை.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் செய்ய நேரமில்லை, பேனரின் இடது மூலையில் ஒட்டுநாடா பிய்ந்து சரிந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

அங்கே நின்றபடியே வேன் அக்கா வருவதைப் பார்த்தேன். அதே பச்சைப் பட்டு, அதே பூ, உதட்டுச் சாயம். வாசலில் பன்னீர் தெளித்த பெண்ணுக்கு அடையாளம் தெரியவில்லை.

“ஆன்ட்டி, நீங்க யாரு பிள்ளையோட வந்திருக்கீங்க?”

“எல்லாரு பிள்ளையோடயும்தான்மா,” என்று சந்தனத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். பேனரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஒவ்வொரு வட்டமாகத்தான் பார்த்தார். பிறகு என்னிடம், “மேல காலியாத்தானே இருந்துச்சு?” என்றார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை, உண்மையாகவே கேட்டார். அதனால்தான் எனக்கு வலித்தது.

முதல் வரிசை பிரமுகர்களுக்கு. வேன் அக்காவுக்கு இரண்டாவது வரிசை, சரியாக ஒய்.பி.க்குப் பின்னால். ஆக, தன்னைப் பற்றிய படத்தை அவர் ஒய்.பி.யின் முதுகுக்கு மேலாக எட்டி எட்டித்தான் பார்த்தார். படம் நன்றாகவே இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். கடைசியில் அந்த மீன் கடைக் கதையை, ரோட்டைப் பார்த்துக்கொண்டு, க்ளிப் லேசாக ஆட ஆட, அவர் சொன்னபோது மண்டபத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தலைவர் கைக்குட்டையை எடுத்தார். மூஞ்சி தெரியவில்லையே என்று ஒரு பெண் சொன்னதைக் கேட்டு அத்தனை பேரும் உருகினார்கள், அந்த மூஞ்சி இரண்டாவது வரிசையில் இருந்தது.

விளக்குப் போட்டதும் கூட்டம் பேனர் பக்கம் வந்தது. நான் மறுபடியும் மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நான் விட்டால் டத்தோ விழுந்துவிடுவார். ஒரு காலத்தில் அந்த வேனில் போன ஒருவன், இப்போது கையில் தன் மகளோடு, வேன் அக்காவிடம் வந்தான்.

“அக்கா, ஒரு போட்டோ. கொஞ்சம் திரும்பி நில்லுங்களேன், போஸ்டர்ல இருக்கிற மாதிரி.”

அவர் திரும்பி நின்றார். அவனும் மகளும் கேமராவைப் பார்த்தார்கள். அந்தப் படம் எடுத்த எடுப்பிலேயே எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அடுத்தவரும் அப்படியே கேட்டார். அதற்கடுத்தவரும். ஒரு வரிசையே உருவாகிவிட்டது. வேன் அக்கா முகத்தைப் பேனர் பக்கம் வைத்தபடி நிற்க, ஆட்கள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியாக ஒய்.பி., டத்தோ, தலைவர், செயலவை, தம்பி எல்லோரும் அவருக்கு இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். படம் எடுப்பவர் குரல் கொடுத்தார்.

“வேன் அக்கா, நீங்க அப்பிடியே அந்தப் பக்கம் பாருங்க. மத்தவங்க இங்க பாருங்க. எல்லாரும் சிரிங்க.”

வேன் அக்கா பேனரைப் பார்த்து நின்றார். அவருக்கு எதிரே, ஆட்களுக்கும் சுவருக்கும் நடுவே, பேனர் மூலையைப் பிடித்துக்கொண்டு நான் மட்டும் இருந்தேன். எல்லாரும் சிரிங்க என்று சொன்னார்கள் அல்லவா, அவர் சிரித்தார். எந்தக் கேமராவிலும் விழாத பக்கம் பார்த்து, பல் தெரிய, அழகாகச் சிரித்தார்.

ஒரு கையால் பேனரைப் பிடித்துக்கொண்டு மற்ற கையால் போனை எடுத்து அழுத்தினேன். அழுத்திய பிறகுதான் பார்த்தேன். என் படத்தில் ஒய்.பி.யின் முதுகு, டத்தோவின் முதுகு, தலைவரின் பிடரி, தம்பியின் கசங்கிய சட்டை, செயலவை மொத்தத்துக்கும் பின்மண்டைகள். நடுவில் ஒரே ஒரு முகம்.

“எடுத்துட்டீங்களா தங்கச்சி?” என்றார், சிரிப்பைக் கலைக்காமல்.

“எடுத்துட்டேன்க்கா.”

அன்று சாயங்காலம் அதை அவருக்கு அனுப்பினேன், தம்பிக்கும் அனுப்பினேன். தம்பி உடனே கூப்பிட்டான். “அக்கா, செம ஸ்ட்ராங்கான இமேஜ். வெளிநாட்டு விழாவுக்கு இதையே போஸ்டராப் போட்டுருவோம்.” அவரைக் கேள் என்றேன். கேட்டிருக்கிறான். அது வேனுக்கு, படத்துக்கு இல்லை என்று சொல்லிவிட்டாராம். ‘பின் சீட்டு’ இன்றைக்கும் உலகமெங்கும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் போகிறது. காலி மஞ்சளோடு, வட்டம் இல்லாமல். வெளிநாட்டிலிருந்து ஒருவர் போஸ்டரைப் பாராட்டி எழுதியிருந்தார், அந்த வெறுமை தன்னை என்னவோ செய்ததாக.

வேன் அக்கா மறுவாரம் வந்து படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தரச் சொன்னார். ஆட்களை வெட்டிவிட்டு அவரை மட்டும் வட்டத்தில் போடட்டுமா என்று கேட்டேன், பழக்கதோஷம். “வேணாம், அவங்களும் இருக்கட்டும்,” என்றார். பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தேன். அவர் அதைக் கொண்டுபோய்த் தன் இருக்கையின் முதுகில், துவாலையை எடுத்துவிட்டு, பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரி கட்டிவிட்டார். விசைப்பலகைக்கு அடியில் இருந்த பழைய படத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அதை நானே வைத்துக்கொள்ளலாம் என்றார். ‘தலைகள்’ ஃபோல்டரில் இப்போது அதுவும் இருக்கிறது. அதை மட்டும் வெட்டவில்லை, நீர்வீழ்ச்சியோடு அப்படியே இருக்கிறது.

பள்ளி விடுமுறை முடிந்து கொஞ்ச நாள் கழித்துக் கூப்பிட்டார். எதிர்முனையில் பிள்ளைகளின் இரைச்சல்.

“தங்கச்சி, அந்தப் படத்துல எவனோ பேனாவால எனக்கு மீச வரைஞ்சிட்டான். முறுக்கு மீச.”

எனக்குச் சுருக்கென்றது. வேறு ஒன்று அடித்துத் தருகிறேன், இன்றைக்கே தருகிறேன் என்றேன்.

“வேணாம் லா,” என்றார் வேன் அக்கா. “மூஞ்சியப் பாக்காம மீச வரைய முடியுமா?”